போர்டில் ஒட்டியிருக்கிறது, பார்த்துக்கொள்ளுங்கள்

கீழமாசி வீதியில் ஒரு பருப்பு மண்டியில் 22 வருஷம் கணக்கு எழுதினேன். சிட்டை, நாள்பதிவு, பேரேடு எல்லாம் என் கையெழுத்துதான். இப்போது வயது 49. வெளிச்சம் எந்தப் பக்கம் என்று தெரியும், எதிரில் ஆள் நின்றால் நிழலாகத் தெரியும், எழுத்து தெரியாது. இதைப் போனில் பேசிப் பேசித்தான் எழுதுகிறேன். மகள் ஒருமுறை வாசித்துத் திருத்தித் தந்தாள். நான் மண்டி என்று சொன்ன இடத்தில் எல்லாம் போன் மண்டை என்று போட்டிருந்ததாம். அவள் கண்ணுக்கும் தப்பி ஏதாவது பிழை இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள்.

கண் போன கதையைச் சொல்லி உங்களை அழவைக்க வரவில்லை. கண் போன பிறகு ஒரு சாதாரணத் தகவலைத் தெரிந்துகொள்வதற்கு நான் பட்ட பாட்டைத்தான் சொல்ல வருகிறேன். நாளைக்குக் கரண்ட் இருக்குமா, இந்த அட்டையில் இருப்பது பிரஷர் மாத்திரையா சர்க்கரை மாத்திரையா, வருவது எந்த பஸ், கையில் இருப்பது நூறா இருநூறா, சான்றிதழுக்கு என்னென்ன தாள் கொண்டுபோக வேண்டும். இவ்வளவுதான் எனக்குத் தெரிய வேண்டியிருந்தது. கண் இருந்தபோது இதையெல்லாம் தகவல் என்றே நினைத்ததில்லை. கணக்குப்பிள்ளை புத்தி போகாது அல்லவா, உட்கார்ந்து கூட்டிப் பார்த்தேன். ஐந்து வருஷம், 2,11,000 ரூபாய். யாராவது முதலிலேயே சொல்லியிருந்தால் இதில் பெரும்பகுதி மிஞ்சியிருக்கும்.

சின்ன வயதிலிருந்தே எனக்கு மாலைக்கண் உண்டு. சித்திரைத் திருவிழாவில் அழகர் ஆற்றில் இறங்குவதைப் பார்க்க விடியுமுன் கிளம்பும்போது அண்ணன் என் கையை விடவே மாட்டான். முருங்கைக்கீரை, மீன் எண்ணெய் எல்லாம் கொடுத்துப் பார்த்தார்கள். கல்யாணத்துக்குப் பிறகு வில்லாபுரத்தில் குடியேறினோம். மண்டி அடைத்து இரவு வீடு திரும்பும்போது வாசல்படியில் இடிப்பேன், நிறுத்திவைத்த சைக்கிளைத் தள்ளிவிடுவேன். கணக்குப்பிள்ளை தினமும் தண்ணி போட்டுவிட்டு வருகிறார் என்று தெருவில் பேசிக்கொண்டது எனக்கு ரொம்ப நாள் கழித்துத்தான் தெரிந்தது. ஒரு சொட்டு தொட்டதில்லை. என் மனைவி காதில் அந்தப் பேச்சு விழுந்தும் என்னிடம் சொல்லாமல் வைத்திருந்தாள். அதை இன்றைக்கு நினைத்தாலும் தொண்டை அடைக்கும்.

2018-ல் பட்டப்பகலில் மண்டி வாசலில் நின்ற தள்ளுவண்டி மேல் மோதி விழுந்தேன். அப்புறம்தான் கண் மருத்துவமனைக்குப் போனது. ரெட்டினிடிஸ் பிக்மென்டோசா என்றார்கள். விழித்திரையில் இருட்டில் பார்க்க உதவும் செல்கள்தான் முதலில் சாகுமாம். அதனால் இரவுப் பார்வையும் ஓரப் பார்வையும் முன்னால் போகும், நடுப் பார்வை மட்டும் ரொம்ப நாள் தாக்குப்பிடிக்கும், ஒரு குழாய் வழியாகப் பார்ப்பதுபோல் ஆகிவிடும் என்று டாக்டர் படம் வரைந்து காட்டினார். பரம்பரையாக வருவது, நெருங்கிய சொந்தத்தில் கல்யாணம் செய்தால் வாய்ப்பு கூடும் என்றார். என் அம்மா என் அப்பாவுக்கு அக்கா மகள். இதற்கு மருந்து இல்லை என்று நேராகவே சொன்னார். பார்வை குறைந்தவர்களுக்கு என்று தனிப் பிரிவு இருக்கிறது, போய்ப் பாருங்கள் என்று ஒரு சீட்டும் எழுதித் தந்தார். மருந்து இல்லை என்ற வார்த்தைக்குப் பிறகு என் காதில் எதுவும் ஏறவில்லை. சீட்டைச் சட்டைப்பையில் வைத்தேன், சட்டை துவைக்கப் போயிற்று, சீட்டும் போயிற்று. எங்கள் ஊரின் நிலைமையைப் பாருங்கள். 1976-ல் 11 படுக்கைகளோடு தொடங்கிய அரவிந்த் கண் மருத்துவமனை இருக்கிற ஊர் இது. கண் வைத்தியத்துக்கு எங்கெங்கிருந்தோ மதுரைக்கு வருகிறார்கள். இங்கேயே பிறந்து வளர்ந்த எனக்கு, கண் திரும்பாது என்று ஆன பிறகு அடுத்த நாளை எப்படி ஓட்டுவது என்று யாரைக் கேட்பது எனத் தெரியவில்லை.

கேட்கக் கூடாதவர்களைக் கேட்டேன். தூரத்துச் சொந்தம் ஒருவர் சொல்லி ஒரு மூலிகை வைத்தியரிடம் போனேன். மாதம் 4,500 ரூபாய், 14 மாதம், 63,000. நாக்கு கசந்ததுதான் மிச்சம். பிறகு வெளிமாநிலத்தில் ஒரு இடத்தில் ஊசி போட்டால் செத்த செல் முளைக்கும் என்று ஒரு வீடியோ வந்தது. போக்குவரத்தும் சேர்த்து இரண்டு தடவைக்கு 1,10,000. மனைவியின் வளையல் அதில் போயிற்று. உலகத்தில் எதுவுமே இல்லை என்றும் சொல்லிவிட முடியாது. ஆர்பிஇ65 என்கிற ஒரே ஒரு மரபணுவில் பழுது உள்ளவர்களுக்கு ஒரு மரபணு சிகிச்சையை அமெரிக்காவில் 2017-ல் அனுமதித்தார்கள். ஆனால் இந்த நோய் எத்தனையோ மரபணுக்களால் வருகிறது. அதனால் யாராவது எல்லோருக்கும் ஒரே ஊசி என்று சொன்னால் இரண்டு கேள்வி கேளுங்கள்: என் பழுது எந்த மரபணுவில் என்று சோதித்துப் பார்த்தீர்களா? குணமாகாவிட்டால் பணத்தைப் பற்றி என்ன எழுதித் தருவீர்கள்? இரண்டாவது கேள்வியிலேயே போனை வைத்துவிடுவார்கள். நான் இரண்டையும் கேட்கவில்லை.

2021-ல் மண்டியில், கொஞ்ச நாள் வீட்டில் இருங்கள் என்று நயமாகச் சொல்லி அனுப்பினார்கள். அவர்கள் மேல் எனக்கு வருத்தம் இல்லை. பேரேட்டில் ஒரு நேரத்தில் இரண்டு மூன்று எழுத்துதான் என் கண்ணுக்குள் அகப்படும். வரியின் முடிவிலிருந்து அடுத்த வரியின் தொடக்கத்தைப் பிடிப்பதற்குள் கண் வலி வந்துவிடும். 4,350 மூட்டைக்கு எழுத வேண்டியதை 4,530 என்று எழுதி ஒரு நாள் பெரிய சண்டையே நடந்தது. வேலை போனதும், மாற்றுத்திறனாளி சான்றிதழ் வாங்கினால் ஏதாவது வழி பிறக்கும் என்று ஒரு முகாமுக்குப் போனேன். காலை எட்டு மணிக்குப் போய்ப் பதினொரு மணிக்கு முறை வந்தது. சுவரில் இருந்த எழுத்து அட்டையைப் படிக்கச் சொன்னார்கள். ஒவ்வொரு எழுத்தாகத் தேடிப் பிடித்து, கடைசிக்கு இரண்டு வரி முன்னால் வரை படித்துவிட்டேன். சின்ன வயதில் வாய்ப்பாடு ஒப்பித்த மாதிரி ஒரு பெருமை வேறு. "நல்லாத்தானே படிக்கிறீங்க, உங்களுக்கு எதுக்கு சர்டிபிகேட்?" என்றார்கள். எழுந்து திரும்பியவன் நேராகக் கதவு நிலையில் தோளை இடித்துக்கொண்டேன். பின்னால் யாரோ சிரித்தார்கள். நடிக்கிறேன் என்று நினைத்திருப்பார்கள். சரி, மேற்கொண்டு என்ன செய்ய வேண்டும், என்னென்ன தாள் வேண்டும் என்று கவுண்டரில் கேட்டேன். "எல்லாம் போர்டுல ஒட்டியிருக்கு, பார்த்துக்கங்க."

கண்ணுக்குச் சான்றிதழ் கேட்டு வந்தவனிடம் போர்டைப் பார்த்துக்கொள்ளச் சொல்கிறார்கள். அன்றைக்கு அழுகைதான் வந்தது. இப்போது சிரிப்பும் வருகிறது.

அங்கே எனக்குத் தெரியாமல் போன விஷயம் இதுதான், இதை மட்டுமாவது மனதில் வைத்துக்கொள்ளுங்கள். 2016-ன் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் பார்வையின்மையை எழுத்து அட்டையை மட்டும் வைத்து அளக்கவில்லை. இரண்டில் நன்றாகத் தெரியும் கண்ணில், கண்ணாடி போட்ட பிறகும், பார்வை 3/60-க்குக் கீழே இருந்தால், அதாவது மற்றவர்களுக்கு 60 மீட்டரில் தெரிவது 3 மீட்டரில்கூடத் தெரியாவிட்டால், பார்வையின்மை. அது ஒரு வழி. எழுத்து எவ்வளவு நன்றாகத் தெரிந்தாலும் பார்வைப் பரப்பு, அதாவது நேரே பார்த்தபடி சுற்றிலும் தெரிகிற அகலம், 10 டிகிரிக்குள் சுருங்கியிருந்தால் அதுவும் பார்வையின்மைதான். 40 டிகிரிக்குக் கீழே 10 டிகிரி வரை இருந்தால் குறைந்த பார்வை. பரப்பை அளப்பதற்குத் தனியாகப் பெரிமெட்ரி என்று ஒரு சோதனை இருக்கிறது, ஃபீல்டு டெஸ்ட் என்பார்கள். ஒரு கிண்ணத்துக்குள் பார்த்தபடி உட்கார வைத்து, வெளிச்சப் புள்ளி தெரியும்போதெல்லாம் பொத்தானை அழுத்தச் சொல்வார்கள். எனக்கு முகாமில் அதை எடுக்கவே இல்லை. எடுக்கச் சொல்லிக் கேட்க எனக்கும் தெரியாது. அப்படியே இரண்டு வருஷம் வீட்டில் உட்கார்ந்துவிட்டேன்.

அந்த இரண்டு வருஷத்தில் நடுப் பார்வையும் மங்கத் தொடங்கியது. வீட்டுக்குள்ளேயே விபத்துகள். ஒரு நாள் சாயங்காலம் பிரஷர் மாத்திரை என்று நினைத்துச் சர்க்கரை மாத்திரையை இரண்டாம் முறை போட்டுவிட்டேன். உடம்பெல்லாம் வேர்த்து, கை நடுங்கி, மனைவி சர்க்கரைத் தண்ணீரை வாயில் ஊற்றி ஆட்டோவில் தூக்கிப்போட்டுக்கொண்டு ஓடினாள். இரண்டு அட்டையும் ஒரே அளவு, ஒரே வழவழப்பு. இன்றைக்கு என் வழக்கம் வேறு. காலை மாத்திரை அட்டையில் ஒரு ரப்பர் பேண்டு, இரவு மாத்திரை அட்டையில் இரண்டு. மருந்துக் கடையில் அட்டையை வெட்டித் தரும்போது பெயரும் காலாவதித் தேதியும் இருக்கிற பக்கத்தை எனக்கு விட்டு வெட்டச் சொல்கிறேன். நானும் வீட்டில் மறுமுனையிலிருந்துதான் மாத்திரையைப் பிதுக்குவேன். கடைசி மாத்திரை வரை பெயர் மிஞ்சியிருந்தால்தான் போன் கேமராவில் காட்டிப் படிக்க வைக்க முடியும். சமையலறையில் எனக்குச் சிரமம் இல்லை. துவரம்பருப்பையும் கடலைப்பருப்பையும் இருட்டில் கொட்டினாலும் விரல் சொல்லிவிடும், மண்டி தந்த சொத்து அது ஒன்றுதான். ஆனால் உப்பையும் சர்க்கரையையும் டப்பா மாற்றி வைத்தால் நானும் எல்லோரையும் போல ஏமாறுவேன்.

பணம் இன்னொரு பாடம். நோட்டை எண்ணியே பிழைத்தவன், நோட்டு தெரியாமல் நின்றேன். ஒரு ஆட்டோக்காரரிடம் நூறு என்று 500-ஐ நீட்டிவிட்டு இறங்கி வந்திருக்கிறேன். அவர் வாயே திறக்கவில்லை. இப்போதைய நோட்டுகளில் 100, 200, 500 மூன்றுக்கும் அகலம் 66 மில்லிமீட்டர்தான். நீளம் முறையே 142, 146, 150. நான்கு மில்லிமீட்டர் வித்தியாசத்தை நின்ற இடத்தில் விரல் எப்படிக் கண்டுபிடிக்கும்? இரண்டு ஓரங்களிலும் மேடான சாய்கோடுகள் இருக்கின்றன: நூறுக்கு நான்கு, 500-க்கு ஐந்து, இருநூறுக்கு நான்கு கோடும் நடுவில் இரண்டு சிறு வட்டமும். புது நோட்டில் தடவினால் தெரியும். காய்கறிக் கடையில் கைமாறிக் கைமாறி வந்த நோட்டில் ஒன்றும் தெரியாது. ரிசர்வ் வங்கி 2020 ஜனவரி 1 அன்று மணி என்று ஒரு செயலி வெளியிட்டது. கேமராவில் நோட்டைக் காட்டினால் எவ்வளவு என்று சொல்லும், இணையம் தேவையில்லை. வீட்டில் உட்கார்ந்து அதில் பார்த்துப் பிரித்துக்கொள்கிறேன்: 500-ஐ மடிப்பதில்லை, இருநூறைப் பாதியாக மடிப்பேன், நூறை நான்காக. வெளியே போனால் மடிப்புதான் பேசும். நாணயத்தில் இருபது ரூபாய் மட்டும் நல்ல பிள்ளை, பன்னிரண்டு பக்கம் வைத்து அடித்திருக்கிறார்கள், தொட்டதும் தெரியும்.

வங்கியில் நடந்ததையும் சொல்லிவிடுகிறேன். ஏடிஎம் அட்டை காலாவதியாகிவிட்டது, புதுசு கேட்டேன். உங்களுக்குப் பார்வை இல்லை, மனைவி பெயரையும் சேர்த்து ஜாயின்ட் அக்கவுண்டாக மாற்றுங்கள், அட்டையெல்லாம் உங்களுக்குப் பாதுகாப்பு இல்லை என்றார்கள். அக்கறையாகத்தான் சொன்னார்கள், அதனால் நானும் தலையாட்டிவிட்டு வந்தேன். ஒன்றரை வருஷம் என் சொந்தப் பணத்தை எடுக்க மனைவி லீவு போட்டுக்கொண்டு கூட வர வேண்டியிருந்தது. பார்வையற்றவர்களுக்குச் செக் புத்தகம், ஏடிஎம், நெட் பேங்கிங், லாக்கர், கடன் எதையும் மறுக்கக் கூடாது என்று ரிசர்வ் வங்கி 2008-லேயே எல்லா வங்கிகளுக்கும் உத்தரவு போட்டிருக்கிறது. இது தெரிந்த பிறகு அதே கிளைக்குப் போய், "சரிங்க, அட்டை தர முடியாதுன்னு ஒரு தாளில் எழுதிக் கையெழுத்துப் போட்டுக் கொடுங்க, போதும்" என்றேன். குரலை உயர்த்தவில்லை. பத்து நாளில் அட்டை வீட்டுக்கு வந்தது. வராமல் போயிருந்தால் முதலில் வங்கியிலேயே எழுத்தில் புகார் கொடுத்து 30 நாள் பார்த்துவிட்டு, ரிசர்வ் வங்கியின் குறைதீர்ப்பாளரிடம் போகலாம். 14448-க்குப் போன் செய்தால் வழி சொல்வார்கள்.

இதெல்லாம் எனக்கு எப்படித் தெரிந்தது என்று கேட்பீர்கள். 2023-ல் திண்டுக்கல்லில் இருக்கிற தங்கச்சி வீட்டுக்கு ரயிலில் போனேன். சோழவந்தான் தாண்டி ஒரு தம்பி ரேஷன் கார்டு கவர், சீப்பு, பர்ஸ் விற்றுக்கொண்டு வந்தான். கையில் குச்சி, முழுப் பார்வையற்றவன். கவர் ஒன்று வாங்கினேன். நான் தடவித் தடவிக் காசு எடுத்ததைக் காதிலேயே கண்டுபிடித்துவிட்டான். "அண்ணே, உங்களுக்கும் பார்வை கம்மியா?" என்று கேட்டுப் பக்கத்தில் உட்கார்ந்தான். கதையைச் சொன்னேன். முழுக்கக் கேட்டுவிட்டு அவன் கேட்ட முதல் கேள்வி: "ஃபீல்டு டெஸ்ட் எடுத்தாங்களாண்ணே?" திண்டுக்கல் வருவதற்குள் வங்கி உத்தரவு, நோட்டு மடிப்பு, போனே திரையை வாசித்துச் சொல்வது எல்லாம் சொல்லிவிட்டான். அழகர்கோவில் ரோட்டில் சுந்தரராஜன்பட்டியில் இந்தியப் பார்வையற்றோர் சங்கம் எண்பதுகளிலிருந்தே இருக்கிறது, தெரியாதா என்று கேட்டான். எனக்குத் தெரியாது. என் வீட்டிலிருந்து இரண்டு பஸ் மாறினால் போய்விடலாம். ஐந்து வருஷமாக நான் டாக்டரையும் சொந்தக்காரர்களையும் வீடியோவையும் கேட்டேனே தவிர, கண் தெரியாத ஒருவரிடம் ஒரு வார்த்தை கேட்கவில்லை. நிஜத்தைச் சொன்னால், கேட்கப் பிடிக்கவில்லை. கேட்டுவிட்டால் நானும் அந்தக் கூட்டத்தில் ஒருவன் ஆகிவிடுவேன் என்று பயம். அன்றைக்கு அவன் என்னிடம் கவருக்கு இருபது ரூபாய்தான் வாங்கினான்.

அடுத்த வாரமே பெரிமெட்ரி எடுத்தேன். அறிக்கையைப் பார்த்த டெக்னீஷியன் பெண், "இதை வச்சுக்கிட்டா சார் இவ்வளவு நாள் அலைஞ்சீங்க?" என்றார். பரப்பு 10 டிகிரிக்கும் கீழே. இந்தத் தடவை சான்றிதழுக்குப் போகும்போது ஆதார், போட்டோ, 2018-ல் நோயின் பெயர் எழுதிய பழைய தாள், பெரிமெட்ரி அறிக்கை எல்லாவற்றையும் வரிசையாக ஒரு ஃபைலில் வைத்து, ஒவ்வொரு தாளின் மூலையிலும் ஸ்டேப்ளர் பின் எண்ணிக்கையால் அடையாளம் வைத்துக்கொண்டு போனேன். அறிக்கை பின் மூன்று, ஆதார் பின் ஒன்று. உட்கார்ந்ததும் எழுத்து அட்டைக்கு முன்னால் அறிக்கையை நீட்டினேன். பதினைந்து நிமிடத்தில் முடிந்தது. 40 சதவீதம் வந்தால்தான் சலுகைகளுக்குத் தகுதி, எனக்கு அதற்கு மேலேயே வந்தது. மாற்றுத்திறனாளிகளுக்கான அடையாள அட்டை, யுடிஐடி என்பார்கள், பிறகு தபாலில் வந்தது. கலெக்டர் அலுவலக வளாகத்தில் மாற்றுத்திறனாளிகள் நல அலுவலகத்துக்கு இப்போது நானே போகிறேன். போர்டில் இருக்கிறது என்று யாராவது சொன்னால், "எனக்குக் கண் தெரியாதுங்க, தயவுசெஞ்சு படிச்சுச் சொல்லுங்க, நான் போனில் பதிவு பண்ணிக்கிறேன்" என்று சொல்வேன். பதிவு என்றதும் நிதானமாக, தெளிவாகப் படிப்பார்கள். பொதுவாகக் கேட்காதீர்கள். என்ன தாள், எந்தக் கிழமை, எத்தனை மணிக்குள், யாரிடம், இந்த நான்கையும் தனித்தனியாகக் கேளுங்கள்.

போன் கதை கொஞ்சம் நீளம். ஆண்ட்ராய்டு போனில் டாக்பேக் என்று ஒன்று உள்ளேயே இருக்கிறது, காசு கிடையாது. திரையில் விரல் படும் இடத்தை வாயால் சொல்லும். வலது பக்கம் தேய்த்தால் அடுத்ததுக்குப் போகும், இரண்டு தட்டு தட்டினால் திறக்கும். ஒருமுறை மருமகப் பையன் விளையாட்டாக அதை ஆன் செய்துவிட, போன் கத்த ஆரம்பித்து, யாருக்கும் நிறுத்தத் தெரியாமல் கடையில் கொடுத்தோம். ரீசெட் செய்கிறேன் என்று 300 ரூபாய் வாங்கிக்கொண்டு எல்லா நம்பரையும் அழித்துவிட்டான். ஒலி கூட்டும் பொத்தான், குறைக்கும் பொத்தான் இரண்டையும் சேர்த்து மூன்று நொடி அழுத்தினால் ஆன் ஆகும், மறுபடி அழுத்தினால் நிற்கும். இந்த ஒரு வரி தெரிந்திருந்தால் போதும். முதல் வாரம் போனைச் சுவரில் அடிக்கலாம் போலிருக்கும். பேச்சுக்குரலைத் தமிழுக்கு மாற்றிக்கொண்டு, வேகத்தைக் குறைத்து, ஒரு நாளைக்கு அரை மணி நேரம் மட்டும் பழகுங்கள். ஒரு மாதத்தில் எனக்குப் பிடிபட்டது. கம்ப்யூட்டர் வைத்திருப்பவர்களுக்கு என்விடிஏ என்று ஒரு மென்பொருள், அதுவும் இலவசம். ஆஸ்திரேலியாவில் பார்வையற்ற இருவர் 2006-ல் தொடங்கியது.

இலவசமாக இத்தனை இருக்கும்போது நான் 38,000 ரூபாய்க்கு ஒரு கண்ணாடி வாங்கினேன் என்பதையும் எழுத வேண்டியிருக்கிறது. மாட்டிக்கொண்டால் எதிரில் இருப்பதைப் படித்துச் சொல்லும் என்றார்கள். படித்தது, ஆங்கிலத்தை. கரண்ட் அட்டையைக் காட்டினால் வாய் திறக்கவில்லை, கல்யாணப் பத்திரிகையைக் காட்டினால் என்னென்னமோ உளறியது. திருப்பி எடுக்க மாட்டோம் என்றார்கள். எந்தக் கருவியானாலும் கடைக்காரர் வைத்திருக்கும் தாளில் சோதிக்காதீர்கள். உங்கள் ரேஷன் கார்டு, உங்கள் மருந்துச் சீட்டு, உங்கள் வீட்டுக்கு வந்த பத்திரிகை, இந்த மூன்றையும் கையோடு கொண்டுபோய்ப் படிக்கச் சொல்லிப் பாருங்கள். இப்போது கூகுள் லென்ஸ் அந்தக் கண்ணாடியைவிட நன்றாகத் தமிழ் படிக்கிறது. கையெழுத்தை மட்டும் நம்ப முடியாது. அவசரத்துக்கு பி மை ஐஸ் என்ற செயலி இருக்கிறது. 2015-ல் வந்தது. முன்பின் தெரியாத ஒருவர் வீடியோ அழைப்பில் வந்து நம் கேமராவில் தெரிவதைச் சொல்வார். முதல் தடவை கூச்சமாக இருந்தது. பால் பாக்கெட் தேதி கேட்க ஒருவரைக் கூப்பிடுவதா என்று யோசித்தேன். அவர் என்னைவிடச் சந்தோஷமாகப் போனை வைத்தார். பாஸ்புக், ஏடிஎம் அட்டை மட்டும் அந்தக் கேமரா முன் வரக் கூடாது.

இப்போதைக்கு எனக்குப் பெரிய தலைவலி வாட்ஸ்அப்தான். எங்கள் தெருக் குழுவில் மின்தடை அறிவிப்பு, தண்ணீர் வரும் நேரம், சாவுச் செய்தி எல்லாமே படமாக வருகிறது. என் போன் படம் என்று மட்டும் சொல்லிவிட்டு அடுத்ததுக்குப் போய்விடும். பக்கத்துத் தெருவில் ஒருவர் தவறிப்போனது மூன்று நாள் கழித்து எனக்குத் தெரிந்தது, பதினாறாம் நாளுக்குத்தான் போய்த் துக்கம் கேட்டேன். குழுவில் கெஞ்சிப் பார்த்தேன்: படம் போட்டால் கீழே ஒரு வரி எழுதுங்கள், அல்லது குரலில் சொல்லுங்கள். ஏழெட்டுப் பேர் கேட்கிறார்கள், மற்றவர்கள் தம்ஸ்-அப் போட்டுவிட்டு மறந்துவிட்டார்கள். அரசுப் படிவங்களும் அப்படித்தான், ஸ்கேன் செய்து ஏற்றிவிடுகிறார்கள். பழைய எழுத்துருவில் அடித்த தமிழ் வேறு இருக்கிறது, அதை டாக்பேக் வாசிப்பதைக் கேட்டால் பேய் ஓட்டுவது மாதிரி இருக்கும். கரண்டுக்கு மட்டும் நான் யாரையும் நம்புவதில்லை. மின்வாரியத்தின் புகார் மையம் மின்னகம், 94987 94987, ஐந்து எண்ணை இரண்டு தடவை சொன்னால் முடிந்தது. பார்க்க முடியாதவனுக்கு மனதில் நிற்கிற எண் எவ்வளவு பெரிய வசதி என்று அதை உண்டாக்கியவர்களுக்குத் தெரிந்திருக்குமோ என்னவோ.

வாசிப்புப் பழக்கம் உள்ளவர்களுக்கு ஒரு வரி. புதுநத்தம் சாலையில் 2023 ஜூலை 15 அன்று திறந்த கலைஞர் நூற்றாண்டு நூலகத்தில் மாற்றுத்திறனாளிகளுக்கென்று தனிப் பிரிவு உண்டு. வீட்டிலிருந்தே படிக்க சுகம்யா புஸ்தகாலயா என்ற இணைய நூலகம் 2016-லிருந்து இருக்கிறது. அச்சுப் படிக்க முடியாதவர்கள் பதிவு செய்துகொள்ளலாம்.

கடைக்காரரிடம் பணம் கொடுக்கும்போது கியூஆர் அட்டையைத் தேடிக் கேமராவை ஆட்டிக்கொண்டிருக்காதீர்கள். போன் நம்பரைக் கேட்டு அடியுங்கள். பெயரை டாக்பேக் சொல்லும், உங்க பேர் இதுதானா என்று கேட்டு உறுதி செய்துகொண்டு அனுப்புங்கள். ரகசிய எண் அடிக்கும்போது காதில் இயர்போன் இருக்கட்டும். குச்சியைப் பற்றியும் சொல்ல வேண்டும். வெள்ளைக் குச்சி எடுக்க நான் ஒரு வருஷம் வெட்கப்பட்டேன். எடுத்த முதல் நாளே தெருவில் பழைய பேச்சு நின்றது. குடிகாரன் என்று நினைத்த ஒரு அம்மா வந்து என் கையைப் பிடித்துக்கொண்டு ஒன்றும் சொல்லாமல் நின்றார்.

பஸ்ஸில் எனக்கு இன்னும் தேர்ச்சி வரவில்லை. சாதாரணக் கட்டண டவுன் பஸ்ஸில் 2021-லிருந்து மாற்றுத்திறனாளிகளுக்கு டிக்கெட் இல்லை. ஆனால் ஏற வேண்டிய பஸ்ஸைக் கண்டுபிடிப்பதுதான் பாடு. இது அவனியாபுரம் பஸ்ஸா என்று கேட்டால் அவசரத்தில் ஆமாம் ஆமாம் என்று ஏற்றிவிடுவார்கள். இது எங்கே போகிற பஸ் என்று கேட்டால்தான் பதிலை அவர்களே யோசித்துச் சொல்ல வேண்டியிருக்கும். ஏறியதும் கண்டக்டரிடம் ஒருமுறை, பக்கத்தில் இருப்பவரிடம் ஒருமுறை கேட்பேன். அப்படியும் போன புதன்கிழமை பெரியார் நிலையத்தில் அவசரப்பட்டு ஏறி, போனில் தங்கச்சியோடு பேசிக்கொண்டே வந்து, இறங்கிப் பார்த்தால் பூ வாசமும் விபூதி வாசமும் அடிக்கிறது. திருப்பரங்குன்றம். வந்தது வந்தாயிற்று என்று முருகனைக் கும்பிட்டுவிட்டு, மனைவிக்கு இரண்டு முழம் மல்லிகை வாங்கிக்கொண்டு, வந்த வழியே பஸ் ஏறினேன். வேண்டுதலா என்று கேட்டாள். ஆமாம் என்று சொல்லிவைத்திருக்கிறேன்.